ஒரு சென்ட் நிலம் போதும்

2022 மே 9 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரைச் சொன்னார். பர்கூர் வட்டத்தில் உள்ள மயிலாடும்பாறை. அங்கே அகழாய்வில் கிடைத்த மாதிரிகளைக் காலக்கணிப்பு செய்ததில், 4,200 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் நிலத்தில் இரும்பு புழங்கியது உறுதியாகியிருக்கிறது என்று அறிவித்தார். ஆய்வகம் கொடுத்த காலம் பொ.ஆ.மு. 2172. லாரி, இருசக்கர வாகனம், அவற்றுக்கான உதிரிபாகங்கள் என்று இரும்பை வைத்தே பிழைக்கும் ஓசூர்க்காரர்களுக்கு இதைவிடப் பெருமை வேறு என்ன வேண்டும்?

ஆனால் மயிலாடும்பாறை எப்படித் தப்பியது என்பதையும் யோசிக்க வேண்டும். பேராசிரியர் கா.ராஜன் 2003-லேயே அங்கே அகழாய்வு செய்து, அந்த இடம் முக்கியமானது என்று எழுதி வைத்தார். அதனால்தான் 2021-ல் மாநிலத் தொல்லியல் துறை மீண்டும் அங்கே போய்க் குழி போட முடிந்தது. நடுவில் 18 ஆண்டுகள். அந்த 18 ஆண்டுகளில் இதே மாவட்டத்தில் எவ்வளவு நிலம் புரண்டது என்பது எனக்குத் தெரியும். அளந்து கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

நான் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கங்களில் சங்கிலி பிடித்து நடந்த காலமும் உண்டு, டிஜிபிஎஸ் கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்த காலமும் உண்டு. வரலாறு படித்தவன் இல்லை. ஆனால் புலம் புலமாக நடப்பவன் கண்ணில் படுவது, காரில் போகிறவர் கண்ணில் படாது. ஏரிக்கரையில், ஊர் எல்லையில், ராகிக் கொல்லை வரப்பில், புளியமரத்தடியில் பாதி புதைந்து நிற்கும் செதுக்கிய கற்களை நான் பணிக்காலம் முழுக்கப் பார்த்தேன். அவைதான் நடுகற்கள்.

எங்கள் பக்கத்தில் பலருக்கு அவை வேடியப்பன். தெலுங்கும் கன்னடமும் பேசுகிற ஊர்களில் வீரகல்லு. ஆநிரையை மீட்கப் போய்ச் செத்தவன், ஊருக்குள் புகுந்த புலியைக் குத்திச் செத்தவன், அரசனுக்காகப் போரில் விழுந்தவன், கணவனோடு தீப்பாய்ந்தவள், இவர்களுக்காக ஊரார் நட்ட கல். நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படிநிலைகளாகச் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்களில் தமிழி எழுத்தே இருக்கிறது. பழைய ஒருங்கிணைந்த தருமபுரி மாவட்டமும் அதை ஒட்டிய செங்கம் பகுதியும் தமிழகத்தில் நடுகற்கள் மிகுந்த நிலம். மாநிலத் தொல்லியல் துறையின் முதல் இயக்குநர் இரா.நாகசாமி 1972-ல் ‘செங்கம் நடுகற்கள்’ நூலை வெளிக்கொண்டு வந்த பிறகுதான் இதன் அருமை வெளியுலகுக்குத் தெரிந்தது.

நான் பார்த்த ஒரு கல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சூளகிரிக்கு வடக்கே ஒரு கிராமம். பெயர் வேண்டாம். தொழிற்சாலை ஒன்றுக்காக நிலம் எடுத்திருந்தார்கள். உட்பிரிவு எல்லைகளைக் காட்டிக் கொடுக்கப் போயிருந்தேன். மேட்டுக் கொல்லையின் மூலையில் மார்பளவு உயரத்தில் ஒரு பலகைக்கல். மூன்று அடுக்காகச் செதுக்கியிருந்தார்கள். கீழ் அடுக்கில் வில்லைப் பிடித்த வீரன். தொடையிலும் விலாவிலும் அம்பு தைத்திருக்கிறது. காலுக்குப் பின்னால் இரண்டு மாடுகளின் தலை. நடு அடுக்கில் இரண்டு தேவகன்னியர் அவனைக் கைத்தாங்கலாக மேலே தூக்கிப் போகிறார்கள். மேல் அடுக்கில் அவன் லிங்கத்தின் முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறான். அடுக்குகளுக்கு நடுவே உள்ள பட்டையில் எழுத்து. எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் ஏறி, விரலால் தடவினால்தான் எழுத்து இருப்பது தெரியும். வீரனின் கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விலாவில் அம்பு பட்ட இடத்தில் உடம்பு லேசாக வளைந்திருந்தது. உளி பிடித்தவன் அந்த மனிதனைத் தெரிந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

நிலத்தை விற்ற குடும்பத்துப் பெரியம்மா கூடவே வந்திருந்தார். “மாடு கன்னு போட்டா மொதப் பாலு இந்தச் சாமிக்குத்தாங்க சார். எங்க மாமனாரு காலத்துக்கும் முந்தி இருந்தே அப்படித்தான்” என்றார். மாட்டை மீட்கச் செத்தவனுக்கு மாட்டின் முதல் பால். அவன் பெயர் அந்த அம்மாவுக்குத் தெரியாது, எழுத்தையும் படிக்க முடியாது. ஆனாலும் ஊர் அவனை நினைவில் வைத்திருந்தது.

வேலையைக் கவனித்த ஒப்பந்ததாரரின் ஆள் சின்னப் பையன். மரியாதை தெரிந்தவன். என் கையில் இருந்த புலப்படத்தைப் பார்த்துவிட்டு, “சார், இது மேப்ல இல்லையே?” என்றான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மேப்பில் இல்லாத ஒன்றை என்ன செய்வது என்று அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. நில எடுப்புக் கணக்கில் கிணற்றுக்கு மதிப்பு உண்டு, தென்னைக்கு உண்டு, மாட்டுக் கொட்டகைக்கு உண்டு. நடுகல்லுக்கு மதிப்பும் இல்லை, அதை எழுத ஒரு கலமும் இல்லை. வட்ட அலுவலகத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை அங்கே போனபோது மேடு சமமாகியிருந்தது. கல்லைச் சங்கிலி கட்டி இழுத்து ரோட்டோரம் போட்டதாகச் சொன்னார்கள். ரோட்டோரத்தில் தேடினேன். அங்கேயும் இல்லை.

என் பணிக்காலத்தில் இந்த மாதிரிக் கற்கள் காணாமல் போன விதங்களைச் சொன்னால், பெரும்பாலும் இதே கதைதான். யாரும் வரலாற்றின் மேல் வன்மம் கொண்டு உடைப்பதில்லை. ஜேசிபி ஓட்டுபவருக்கு வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது. லேஅவுட் போடுபவர் மனைகளைச் சதுரமாக வெட்ட வேண்டும். ஏரிக்கரையைப் பலப்படுத்துபவருக்குக் கையில் கிடைத்த கல் கரைக்குள் போகிறது. பக்தியாலும் அழிவு வருகிறது. கோயில் எடுத்துக் கட்டுகிறோம் என்று கிளம்பி, எழுத்துள்ள பலகையின் மேல் எனாமல் பெயின்ட் அடித்து, பாதியைச் சிமென்ட்டில் புதைத்து, முன்னால் டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். கருங்கல்லுக்குப் பேர்போன மாவட்டம் இது. இங்கே வெட்டும் கிரானைட் வெளிநாடுகளுக்குப் போகிறது. ஒரு குன்றைக் குத்தகைக்கு விடும்போது அதன் குகைத் தாழ்வாரத்தில் வெள்ளை நிற ஓவியம் இருக்கிறதா என்று ஏறிப் பார்ப்பது யார் வேலை? பர்கூர் அருகே மல்லப்பாடியில் குதிரை மேல் அமர்ந்து பொருதும் மனிதர்களின் பாறை ஓவியம் இருக்கிறது. 1970-களின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறிப் பார்த்ததால்தான் உலகுக்குத் தெரிந்தது.

மல்லசந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு என் பதற்றம் புரியும். ஓசூர் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால், குன்றின் மேல் கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. சிலவற்றைச் சுற்றி, தலையை வட்டமாகச் செதுக்கிய பலகைகள். முன்பலகையில் வட்டமான இடுதுளை. பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்கு எடுத்த நினைவிடங்கள். அந்தப் பாறை மேல் காற்றில் நின்று பார்த்தால், இதைக் கட்டியவர்கள் இடத்தைத் தேர்ந்தெடுத்த அறிவு விளங்கும். சுற்றுவட்டம் முழுவதும் அங்கிருந்து தெரிகிறது. ஆனால் பலகைகள் பல சரிந்து கிடக்கின்றன. உள்ளே புதையல் இருக்கும் என்று இரவில் தோண்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பானை ஓடும் எலும்பும் இரும்புத் துண்டும் தவிர அதில் எதுவும் இருக்காது என்று எத்தனை முறை சொன்னாலும் நம்புவதில்லை. அந்த இரும்புத் துண்டுதான் மயிலாடும்பாறையில் நமக்குப் பெருமை வாங்கிக் கொடுத்தது.

இந்த எல்லைப் பகுதிக் கற்கள் மற்றப் பகுதிகளைவிட முக்கியம் என்று நான் நினைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ். ஓசூரில் இது சாதாரணம். 1956-ல் கோடு போட்டு மாநிலம் பிரித்தார்கள். கற்களுக்கு அந்தக் கோடு தெரியாது. ஒன்பதாம் நூற்றாண்டில் தகடூரை ஆண்ட நுளம்பர்களின் கன்னடக் கல்வெட்டுகள் தருமபுரிப் பக்கம் இருக்கின்றன. பெங்களூரு தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் போசள அரசு இரண்டாகப் பிரிந்த பின், தமிழ்ப் பகுதியை ஆண்ட வீர ராமநாதன் கிருஷ்ணகிரிக்கு வடக்கே உள்ள குந்தாணியைத் தலைநகராக வைத்திருந்தான். ஒரு காலத்தில் தலைநகரம். இன்று அப்படி ஓர் ஊர் இருப்பது ஓசூரிலேயே பலருக்குத் தெரியாது. எல்லையில் யாராவது மொழிச் சண்டையைக் கிளப்பும்போதெல்லாம் எனக்கு இந்தக் கற்கள்தான் நினைவுக்கு வரும். இங்கே மூன்று மொழிக்காரர்களும் ஒரே ஊரின் மாட்டைக் காக்கச் செத்திருக்கிறார்கள். அதற்கு வேறு சாட்சி கிடையாது. அரசர்களுக்குக் கோயில் இருக்கிறது, செப்பேடு இருக்கிறது. சாதாரண மனிதனுக்கு இந்த ஒரு கல்தான் பத்திரம். அதை இழந்தால் அவன் இருந்ததே இல்லை என்றாகிவிடும்.

பெங்களூரு நமக்கு முன்னால் இந்த இழப்பைச் சந்தித்த நகரம். பி.எல்.ரைஸ் தொகுத்த ‘எபிகிராபியா கர்னாடிகா’வின் ஒன்பதாம் தொகுதி 1905-ல் வந்தது, பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுகள் அதில் பதிவாகின. நூறாண்டு கழித்து அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடியவர்களுக்கு, நகரத்துக்குள் இருந்த கற்களில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. மிச்சத்தைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் அதிகாரிகள் இல்லை, சாதாரணக் குடிமக்கள். 2018-ல் ஹெப்பாளில் எட்டாம் நூற்றாண்டு நடுகல் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். கிட்டய்யா என்ற வீரனின் கல். நகர வட்டாரத்திலேயே பழமையான கன்னடக் கல்வெட்டுகளில் ஒன்று. அதற்கு மக்களே மண்டபம் கட்டினார்கள். 2021 முதல் மித்திக் சொசைட்டி என்ற பழைய ஆய்வு நிறுவனம் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் ஸ்கேன் செய்து சேமித்து வருகிறது. அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டினால் அந்தப் பக்கம் இது நடக்கிறது. இந்தப் பக்கம் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஆர்வலர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படியெடுக்கிறார்கள். 1993-ல் தொடங்கிய கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் தன் வளாகத்தில் சில நடுகற்களைக் காத்து வைத்திருக்கிறது. இவர்களைக் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் வாரத்துக்கு ஏழு நாளும் ஓடும் ஜேசிபியை ஞாயிற்றுக்கிழமை ஆர்வலர்கள் முந்த முடியாது.

சட்டம் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 2010-ல் திருத்தப்பட்டு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது என்கிறது; அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். 1791-ல் மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் பிடித்த இராயக்கோட்டைக் கோட்டையும், அதே ஆண்டு அவர்களால் பிடிக்க முடியாமல் போன கிருஷ்ணகிரிக் கோட்டையும் அப்படிப் பாதுகாக்கப்பட்டவை. மாநில அரசுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், பட்டியலில் ஏறியதைத்தான் சட்டம் காக்கும். நாடு முழுக்க மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் இருப்பவை ஏறக்குறைய 3,700 சின்னங்கள். கொல்லை மூலையில் நிற்கும் நடுகல் எந்தப் பட்டியலிலும் இல்லை. சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தின்படி. 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் கேட்கும் சமூகத் தாக்க மதிப்பீடு இந்த வழியில் கட்டாயமில்லை. ஆக, நிலம் கைமாறும் முன் அங்கே என்ன நிற்கிறது என்று பார்க்கும் ஒரே அரசு ஊழியர் சர்வேயர்தான். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

மண்ணைத் தொடும் முன் பார்க்கும் நாடுகளும் உண்டு. ஜப்பானில் 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொல்பொருள் புதைந்திருப்பதாகப் பதிவான இடத்தில் கட்டுமானம் தொடங்க 60 நாள் முன்பே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பிரான்ஸ் 2001-ல் சட்டம் இயற்றி, கட்டுமானத்துக்கு முன் ஆய்வு செய்வதற்கென்றே தனி நிறுவனம் வைத்திருக்கிறது. தொழிலில் பின்தங்கிய நாடுகளா இவை?

“வேலையா முக்கியம், கல்லா முக்கியம்?” என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். என் மகன் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில்தான் வேலை பார்க்கிறான். 1970-களில் சிப்காட் வந்திராவிட்டால், அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வந்திராவிட்டால், இந்த வறண்ட மேட்டு நிலத்துப் பிள்ளைகள் பெங்களூருவில் கூலிக்கு நின்றிருப்பார்கள். அதனால் தொழிற்சாலை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். சர்வேயராக ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஒரு நடுகல் நிற்க, அதைச் சுற்றிக் கம்பிவேலி போட, நாலு பேர் நின்று பார்க்க, ஒரு சென்ட் போதும். ஆயிரம் ஏக்கர் தொழிற்பேட்டை என்றால் அதில் ஒரு லட்சம் சென்ட். பத்துக் கல் இருந்தாலும் பத்து சென்ட். பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீத நிலத்தைப் பொது இடமாக விட வேண்டும் என்று விதி ஏற்கெனவே இருக்கிறது. கல் நிற்கும் மூலையைப் பூங்காவாகக் காட்டி வரைபடம் போட்டால் ஒரு மனைகூடக் குறையாது. இதற்குத் தேவை பணமில்லை, கோடு போடும்முன் ஒருமுறை நடந்து பார்ப்பது.

2024 ஜூன் 27 அன்று ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று பேரவையில் அறிவித்தார்கள். சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கமெல்லாம் புதிய தொழிற்பேட்டைகளும் சாலைகளும் வந்துகொண்டிருக்கின்றன. இன்னும் பத்தாண்டில் இந்த மேட்டு நிலத்தில் மண் புரளாத இடம் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே அரசிடம் நான் கேட்பது பெரிய திட்டமோ புதிய ஆணையமோ இல்லை. நில எடுப்பு அறிவிக்கை வெளியிடும் முன், தொல்லியல் துறையில் இருந்து ஒருவரும் சர்வேயரும் விஏஓவும் சேர்ந்து அந்தப் புலங்களை நடந்து பார்க்கட்டும். கண்ட கல்லை, திட்டையை, ஓவியத்தைப் புலப்படத்தில் குறியிடட்டும். கிணற்றுக்கும் கோயிலுக்கும் குறியீடு போடத் தெரிந்த நமக்கு நடுகல்லுக்கு ஒன்று போடத் தெரியாதா? கிராமத்து நிலங்களைப் பதியும் ‘ஏ’ பதிவேட்டில் கடைசிக் கலம் குறிப்புக்கானது. பல பக்கங்களில் அது வெறுமையாகவே கிடக்கிறது. ‘இப்புலத்தில் நடுகல் உள்ளது’ என்று அதில் ஒரு வரி ஏறினால், அதற்குப் பிறகு யாரும் “மேப்ல இல்லையே” என்று கேட்க முடியாது. அந்த ஒரு வரியைப் பார்த்து அதிகாரி கையெழுத்துப் போடத் தயங்குவார். என் அனுபவத்தில், இந்த நாட்டில் காகிதத்தில் ஏறிய பொருளுக்குக் கொஞ்சமாவது ஆயுள் உண்டு.

கல்லை எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாமே என்பார்கள். வேறு வழியே இல்லாத இடத்தில் செய்யட்டும். ஆனால் எந்த ஏரிக்கு, எந்த ஊர் எல்லைக்கு, எந்த வழித்தடத்துக்கு அந்த வீரன் காவல் நின்றான் என்பதும் கல் சொல்லும் செய்தியின் பாதி. இடத்தை விட்டுப் பிடுங்கினால் அந்தப் பாதி போய்விடும். முதல் பால் ஊற்றும் கையும் போய்விடும்.

கிராமத்தில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊரில் வேடியப்பனோ வீரகல்லோ கல்திட்டையோ இருந்தால், பெயின்ட் அடிக்காமல், சுண்ணாம்பு பூசாமல், உள்ளபடியே ஒரு புகைப்படம் எடுங்கள். அது எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்று விஏஓவிடம் கேளுங்கள். அடுத்த கிராம சபையில், அந்த எண்ணைக் குறிப்பிட்டு, ‘இந்தக் கல்லை ‘ஏ’ பதிவேட்டிலும் புலப்படத்திலும் பதிய வேண்டும்’ என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மான நகலை ஆட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.